உணவுத் தூய்மையும் அகந்தை என்னும் தோஷமும்

புரட்டாசி பிறந்துவிட்டால் கே.கே. நகர், அசோக் நகர், வடபழனி வட்டாரத்து இல்லங்களில் அடுக்களையின் போக்கே மாறிவிடுகிறது. புலால் உண்ணும் குடும்பங்களுள் பல, அம்மாதம் முழுவதும் அதனை விலக்கிவிடுகின்றன. சனிக்கிழமைகளில் வெங்காயமும் பூண்டும் வீட்டுக்குள் நுழைவதில்லை. அடுத்து ஐப்பசியில் கந்த சஷ்டி, கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை, மார்கழியில் வைகுண்ட ஏகாதசி என்று விரதங்கள் வரிசையாகத் தொடர்கின்றன. உண்பதற்கும் ஒரு நெறி உண்டு என்பதை நகர வாழ்வின் பரபரப்புக்கு இடையிலும் மறவாதிருப்பது பெருமைக்குரிய செய்தியே.

ஆயினும் அதே நாள்களில் அதே இல்லங்களில் வேறு சில சொற்களும் காதில் விழுகின்றன. "அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம்" என்பது ஒன்று. "எங்களைப் போல் ஆசாரமாக இருப்பவர்கள் இந்தக் குடியிருப்பில் யார் இருக்கிறார்கள்?" என்பது மற்றொன்று. வீட்டு வேலைக்கு வரும் அம்மையாருக்குத் தனித் தம்ளர். புதிதாக வந்த மருமகள் குளிக்காமல் அடுப்பைத் தொட்டுவிட்டாள் என்று ஊரறிய ஒரு விசாரணை. விரதம் முடிவதற்குள் வயிறு தூய்மை பெறுகிறது. உள்ளமோ முன்னிலும் சற்றுக் கனத்துப் போகிறது.

உணவில் தூய்மை வேண்டும் என்று விதித்த பெரியோர், இந்தக் கனத்தை அறியாதவர்களா? நன்கு அறிந்திருந்தார்கள். இதனை உணர்த்தும் வரலாறு ஒன்று காஞ்சியிலும் பூவிருந்தவல்லியிலும் வேரூன்றி நிற்கிறது. அதனைக் காணுமுன், உணவுத் தூய்மை பற்றி உபநிடதமும் ஆசாரியர்களும் சொன்னதை அறிந்துகொள்வது நலம்.

உபநிடதம் காட்டும் படிகள்

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயம் நாரதருக்குச் சனத்குமாரர் செய்த உபதேசம். எல்லாக் கலைகளையும் கற்றும் துயரம் தீரவில்லை என்று வந்து நின்ற நாரதரைப் படிப்படியாக மேலே அழைத்துச் செல்கிறார் சனத்குமாரர். அவ்வத்தியாயத்தின் நிறைவில் ஆகார சுத்தி பேசப்படுகிறது. ஆகாரம் தூயதானால் அந்தக்கரணம் தூய்மையுறும். அது தூயதானால் இறைவனைப் பற்றிய நினைவு அசையாது நிலைக்கும். அந்த நினைவு நிலைத்தால் நெஞ்சின் முடிச்சுகள் யாவும் அவிழும் என்பது அதன் கருத்து.

இங்கே ஆகாரம் என்பது எது? ஆதிசங்கரர், புலன்களின் வழியே உள்ளே கொள்ளப்படுவன அனைத்துமே ஆகாரம் என்று பொருள் கண்டார். கண் காண்பதும் செவி கேட்பதும் உணவே. அவற்றை விருப்பு, வெறுப்பு, மயக்கம் என்னும் மூன்று மாசுகளும் கலவாமல் ஏற்பதே ஆகார சுத்தி. இராமானுசரோ வாயால் உண்ணும் உணவையே நேர்ப்பொருளாகக் கொண்டார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒன்று மனத்துக்கான பத்தியம். மற்றது உடலுக்கான பத்தியம்.

இராமானுசர் தம் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியில், அசையாத இறைநினைவைப் பெறுவதற்கு முன்னோர் வகுத்த ஏழு சாதனங்களை எடுத்துரைக்கிறார். விவேகம், விமோகம், அப்பியாசம், கிரியை, கல்யாணம், அநவசாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. விவேகம் என்பது இவ்விடத்தில் உணவைப் பகுத்துணர்ந்து கொள்ளுதல். விமோகம், ஆசையில் அகப்படாதிருத்தல். அப்பியாசம், இறைவனை இடைவிடாது நினைந்து பழகுதல். கிரியை, ஐவகை வேள்வி முதலிய கடமைகளை இயன்ற அளவு ஆற்றுதல். கல்யாணம், வாய்மை, நேர்மை, இரக்கம், ஈகை, கொல்லாமை முதலிய நற்குணங்கள். அநவசாதம், துயரத்தில் சோர்ந்து விழாதிருத்தல். அநுத்தர்ஷம், மகிழ்ச்சியிலும் பெருமிதத்திலும் பொங்கி எழாதிருத்தல்.

இந்த வரிசை கருதத்தக்கது. உணவு முதற்படியில் நிற்கிறது. கடைசிப் படியில் நிற்பதோ தன் நிலை கண்டு தானே துள்ளாத அடக்கம். முதற்படியில் ஏறியவுடனேயே துள்ளத் தொடங்குபவர், கடைசிப் படியை அங்கேயே இழந்துவிடுகிறார்.

மூன்று தோஷங்கள்

விவேகம் என்னும் அம்முதற்படியில் விலக்க வேண்டிய உணவுத் தோஷங்கள் மூன்று. ஜாதி தோஷம் முதலாவது. இங்கே ஜாதி என்பது உணவுப் பொருளின் இயல்பைக் குறிக்கும்; மனிதர் வகுத்துக்கொண்ட சாதியை அன்று. பூண்டு, வெங்காயம் முதலியன இவ்வகையில் விலக்கப்பட்டன.

நிமித்த தோஷம் மற்றொன்று. நல்ல பொருளே ஆயினும் மயிர், தூசி, பூச்சி முதலியன விழுந்ததால் கெடுவது. திறந்து வைத்த பண்டத்தை உண்ணாதே என்று இன்று மருத்துவர் கூறுவதும் இதனையே.

இவற்றினும் நுட்பமானது ஆசிரய தோஷம். உணவு யாரிடமிருந்து வருகிறதோ அவரைப் பற்றிய குற்றம் இது. வஞ்சித்துச் சேர்த்த பொருளில் ஆக்கிய சோறும், வெறுப்போடு பரிமாறிய சோறும் உண்பவர் உள்ளத்தைத் தொடும் என்பதே இதன் உட்பொருள். ஆனால் தர்ம நூல்கள் பிறப்பையும் இதனுள் சேர்த்தே பேசின. நடைமுறையிலோ, குணத்தை ஆராய்வது கடினம், குலத்தைக் கேட்பது எளிது என்பதால், எளிதானதே நிலைத்துப் போயிற்று. இவ்விடத்தில்தான் காஞ்சி வரலாறு வந்து நிற்கிறது.

பூவிருந்தவல்லி தந்த அடியார்

கே.கே. நகரிலிருந்து வடபழனி வழியாக ஆற்காடு சாலையில் போரூர் சென்று, அங்கிருந்து மேலும் மேற்கே போனால் பூவிருந்தவல்லி. பூந்தமல்லி என்று இன்று வழங்கும் அவ்வூரில் வரதராசப் பெருமாள் கோயில் உள்ளது. அவ்வூரே திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம். மாசி மாத மிருகசீரிடம் அவர்தம் திருநட்சத்திரம். வைசிய குலத்தில் தோன்றிய அவர், பூந்தோட்டம் அமைத்து மலர் தொடுத்துக் காஞ்சி வரதருக்குச் சாத்தினார். அப்பெருமானுக்குத் திருவாலவட்டம் வீசும் கைங்கரியத்தில் வாழ்நாளைச் செலவிட்டார். வரதர் அவரோடு உரையாடுவார் என்பது வைணவ உலகின் உறுதியான நம்பிக்கை. இராமானுசரின் மனத்திலிருந்த ஐயங்களுக்கு வரதரிடம் விடைகேட்டு வந்து, 'ஆறு வார்த்தைகள்' எனப் போற்றப்படும் அருளுரைகளை அளித்தவரும் அவரே.

1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இராமானுசர், இளமையில் மனைவி தஞ்சமாம்பாளுடன் காஞ்சியில் இல்லறம் நடத்திவந்தார். நம்பிகளைத் தம் ஆசாரியராகப் பெற விழைந்தார். வருணாசிரம முறையைச் சுட்டி நம்பிகள் அதற்கு இசையவில்லை. அவ்வாறாயின் அவர் அமுது செய்த சேடத்தையேனும் உண்டு பேறு பெறலாம் என எண்ணிய இராமானுசர், தம் இல்லத்துக்கு அவரை அமுது செய்ய அழைத்தார். நம்பிகளும் இசைந்தார்.

அன்று இல்லத்தில் தளிகை சிறப்பாக நடந்தது. நம்பிகளை எதிர்கொண்டு அழைத்துவர இராமானுசர் ஒரு வீதியில் சென்றார்; நம்பிகள் வேறொரு வீதி வழியே இல்லம் வந்து சேர்ந்தார். இராமானுசரின் உட்கருத்தை உணர்ந்து, அந்தப் பெருமைக்கு அஞ்சியே அவர் வழி மாறி வந்தார் என்று கூறுவதும் உண்டு. கோயில் கைங்கரியத்துக்கு நேரமாயிற்று என்று சொல்லி உடனே அமுது செய்து புறப்பட்டுவிட்டார். தஞ்சமாம்பாள் அவர் உண்ட இலையைக் கோலால் தள்ளி அப்புறப்படுத்தினார். அவ்விடத்தைச் சாணமிட்டு மெழுகினார். மிஞ்சிய உணவைப் பிறருக்குக் கொடுத்தார். நீராடிவிட்டுக் கணவருக்கென்று புதிதாகத் தளிகை செய்யத் தொடங்கினார். திரும்பி வந்த இராமானுசர் நடந்ததை அறிந்து நெஞ்சம் நொந்தார். எந்தச் சேடத்துக்காக விருந்தே ஏற்பாடாயிற்றோ, அது அவருக்குக் கிட்டாமலே போயிற்று.

குரு பரம்பரை நூல்கள் சிறுசிறு வேறுபாடுகளுடன் இதனை உரைக்கின்றன. தஞ்சமாம்பாளைப் பழிப்பது எளிது; முறையன்று. அவர் கற்ற ஆசாரத்தில் அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. பொருள் தூயது, பாத்திரம் தூயது, மெழுகிய தரையும் தூயது. மூன்று தோஷங்களையும் அவர் கணக்குப் பார்த்தே விலக்கினார். கணக்கில் வராத நான்காவது ஒன்று மட்டும் எஞ்சியது. "யாம் தூயோர், வந்தவர் அத்தூய்மையில் குறைந்தவர்" என்ற எண்ணமே அது. அதற்குச் சாத்திரத்தில் உணவுத் தோஷம் என்ற பெயர் இல்லை. ஆயினும் அன்று அவ்வில்லத்தில் அமுதத்துக்கு நிகரான சேடத்தை வெளியே தள்ளியது அதுவே.

பின்னரும் இருமுறை இத்தகைய நிகழ்ச்சிகள் நேர்ந்தன. பசித்து வந்த அடியார் ஒருவர் இல்லத்தில் சோறின்றித் திரும்பினார். கிணற்றடியில் நீர்க்குடத்தை முன்னிட்டுப் பெரிய நம்பிகளின் தேவியாரோடு பூசல் மூண்டு, பெரிய நம்பிகள் காஞ்சியை விட்டே திருவரங்கம் திரும்பினார். இவற்றின் பின்னரே இராமானுசர் இல்லறம் நீத்து வரதர் திருமுன்பில் துறவு பூண்டார். சோறும் நீரும் பற்றிய ஆசாரம் அவ்விருவரின் இல்லற வாழ்வுக்கே முடிவாயிற்று. அகந்தையின் விலை அவ்வளவு பெரிது.

ஆசாரியர் பின்னர் எழுதியவை

இவ்வளவு நடந்தபின் உணவு நெறிகளையே அவர் உதறியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. திருவரங்கத்தில் வாழ்ந்த காலத்தில் இயற்றிய ஸ்ரீபாஷ்யத்தில், மேலே கண்டவாறு, உணவு விவேகத்தை முதற்படியாகவே வைத்தார். நெறியில் பழுதில்லை, அதைக் கையாளும் நெஞ்சில் பழுது நேரலாம் என்பதை அனுபவத்தால் அறிந்தவர் அவர்.

அவருடைய எழுத்தில் இரண்டு இடங்கள் இதனைத் தெளிவாக்குகின்றன. பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவைச் சாத்துவிகம், ராஜசம், தாமசம் என மூவகையாகப் பிரிக்கிறது. தாமச உணவுகளுள் உச்சிஷ்டம், அதாவது பிறர் உண்ட மிச்சம், ஒன்றாக எண்ணப்படுகிறது. இதற்கு உரை வரைந்த இராமானுசர், குரு முதலியோர் நீங்கலாகப் பிறர் உண்ட மிச்சமே விலக்கத்தக்கது என்று வரையறுத்தார். அந்தச் சிறிய விலக்கைப் படிப்போருக்குக் காஞ்சியில் கோலால் தள்ளப்பட்ட இலை நினைவுக்கு வராமல் இராது.

மற்றொன்று ஸ்ரீபாஷ்யத்தில் உள்ளது. 'நான்' என்னும் உணர்வு முழுவதுமே ஒழிய வேண்டியதா என்னும் வினாவை அங்கே அவர் எடுத்துக்கொள்கிறார். ஆன்மாவின் இயல்பே 'நான்' என்று உணர்வது, அது குற்றமன்று. ஆன்மா அல்லாத உடலை 'நான்' எனக் கொள்வதே அகங்காரம். மேலான பெரியோரை அவமதிக்கத் தூண்டுவதும், கர்வம் என்ற மறுபெயர் உடையதும், சாத்திரங்கள் பலவிடங்களில் விட்டொழிக்கச் சொல்வதும் இந்த அகங்காரமே என்று விளக்குகிறார். உடலை 'நான்' என்று கொண்டவருக்கே உடலின் குலம் 'என் உயர்வு' ஆகிறது. உடலின் குளியல் 'என் தூய்மை' ஆகிறது. தூய்மையின் பெயரால் ஒரு மகானை இழிவாக நினைக்க முடிந்தால், அங்கே சோறு தூயதாக இருந்து பயன் என்ன?

கண்ணன் உண்ட வீடு

ஆசிரய தோஷம் என்பது கொடுப்பவரின் குலத்தைப் பற்றியதா, உள்ளத்தைப் பற்றியதா என்ற கேள்விக்கு மகாபாரதமும் விடை தருகிறது. பாண்டவர் தூதனாக அத்தினாபுரம் வந்த கண்ணனுக்குத் துரியோதனன் அரண்மனையில் விருந்து காத்திருந்தது. கண்ணன் அதனை ஏற்கவில்லை. பிறர் உணவை அன்பினால் உண்ணலாம், அல்லது ஆபத்தில் உண்ணலாம். இங்கே அன்பும் இல்லை, உண்ணுவோருக்கு ஆபத்தும் இல்லை என்ற பொருள்படக் கூறி மறுத்துவிட்டான். பணிப்பெண்ணின் மகனாகப் பிறந்த விதுரனின் இல்லம் சென்று அங்கே உண்டான். பிறப்பை அளவுகோலாகக் கொண்டிருந்தால் அவன் நேர்மாறாக அன்றோ செய்திருக்க வேண்டும்?

பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் மகாபிரசாதத்தை அடியார்கள் குலவேறுபாடு பாராமல் ஒன்றாக அமர்ந்து உண்பது தொன்றுதொட்ட மரபு. இறைவன் உண்ட சேடம் என்றான பின் அதில் மேலென்றும் கீழென்றும் பார்க்க இடமில்லை என்பதே அங்கு நிலவும் கொள்கை.

அண்மைக் காலத்தில் இதனை வலியுறுத்தியவர் சுவாமி விவேகானந்தர். மேல்நாட்டிலிருந்து திரும்பி 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் சென்னை வந்த அவர், கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் மாளிகையில் ஒன்பது நாள்கள் தங்கினார். 'பக்தி யோகம்' என்னும் நூலில் இராமானுசரின் ஏழு சாதனங்களையும் மூன்று தோஷங்களையும் அவர் விரித்துரைத்தார். ஆசிரய தோஷம் என்பது தீயோரிடமிருந்து வரும் உணவின் குற்றம் என்றே விளக்கினார். உணவுக் கட்டுப்பாடு தேவை என்பதை மறுக்காத அவர், அதனையே சமயத்தின் முழுமையாக எண்ணுவோரைக் கடுமையாகச் சாடினார். புலால் உண்ணாமை ஒன்றே பெருமையென்றால் புல் மேயும் விலங்குகளும் அப்பெருமைக்கு உரியவை அல்லவா என்று வினவினார். கைம்பெண்களையும் ஆதரவற்ற குழந்தைகளையும் பொருளுக்காக வஞ்சிப்பவன், புல்லையே தின்று வாழ்ந்தாலும் விலங்கினும் இழிந்தவனே என்றார். அந்த ஆண்டிலேயே தமிழ்நாட்டில் மானாமதுரையில் பேசியபோது, சமயம் அடுக்களைக்குள்ளும் தொடாதே என்னும் சொல்லுக்குள்ளும் அடைபட்டுவிட்டதே என வருந்தினார்.

இல்லத்தில் பழகத்தக்கவை

கீதை உணவை மூன்றாகப் பகுத்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. இன்ன குணத்தார்க்கு இன்ன உணவு பிரியமானது என்றே அது பேசுகிறது. ஆகவே அப்பகுப்பு உண்பவர் தம்மைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. அண்டை வீட்டார் தட்டை எட்டிப் பார்ப்பதற்கு அதில் இடமில்லை. அதே கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் அசுர இயல்புகளின் பட்டியலில் முதலில் நிற்பது டம்பம். அடுத்து நிற்பது செருக்கு. செய்யும் அறத்தைப் பிறர் காண விரித்துக் காட்டுவதே டம்பம். விரதமும் அவ்வாறு காட்சிப் பொருளாகலாம்.

உணவு நெறியைக் கைக்கொள்ளும் குடும்பங்கள் அதனை அகந்தையின்றிக் காத்துக்கொள்ள வழிகள் உண்டு. விரதத்தைத் தமக்கென வைத்துக்கொண்டு, அதனைப் பற்றிய பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம். பிறர் இல்லத்தில் உண்ண இயலாத நாளில், "இன்று விரதம், மற்றொரு நாள் அவசியம் வருகிறோம்" என்று இன்சொல்லால் சொல்லி, சொன்னபடி ஒரு நாள் செல்லவும் செல்லலாம். மறுப்பில் உள்ள தூய்மையைக் காட்டிலும் அந்தச் சொல்லில் உள்ள தூய்மை பெரிது.

உண்ணுமுன் இலையைச் சுற்றி நீர் வளாவிப் பரிசேஷணம் செய்யும் வழக்கம் சில இல்லங்களில் இன்றும் உள்ளது. முதல் ஐந்து சிறு கவளங்கள் பிராணன் முதலிய ஐந்துக்கும் ஆகுதியாக உள்ளே செலுத்தப்படுகின்றன. உண்பது தன் சுவைக்கு அன்று, உள்ளே எரியும் வேள்வித் தீக்கு என்பது இதன் குறிப்பு. மந்திரம் அறியாதவர்கள் ஒரு கணம் கண்மூடி, விளைத்தவரையும் சுமந்தவரையும் சமைத்தவரையும் நினைத்தாலே போதுமானது. இத்தனை பேர் கைபட்டு வந்த சோற்றின் முன் "நான் தனித்தூயன்" என்று எண்ணுவது யாருக்கும் எளிதன்று.

ஆசிரய தோஷத்தை ஆராய விரும்புவோர், முதலில் தம் இல்லத்து வருவாயையே ஆராயலாம். அப்பணத்தில் பிறர் கண்ணீர் கலந்திருக்கிறதா? சமையல் செய்பவருக்குக் கூலி குறித்த நாளில் சேர்ந்ததா? அடுக்களையில் நிற்கும் மருமகளின் முகம் வாடியிருக்கிறதா? இவை யாவும் சோற்றில் கலக்கும். தனித் தம்ளர் வைத்துக் காக்கும் தூய்மை, அந்தத் தம்ளரைக் கையில் வாங்குபவர் மனம் நோகும்போது எங்கே தங்கும்?

வரும் மாசி மாதத்தில் மிருகசீரிடம் கூடும் நாளில் திருக்கச்சி நம்பிகளின் திருநட்சத்திரம் வருகிறது. இயன்றவர்கள் பூவிருந்தவல்லி சென்று அவரைச் சேவிக்கலாம். இயலாதவர்கள் அன்று தம் இல்லத்தில் ஒருவருக்கு, குலம் கேளாமல், தங்களுக்கு இடுவது போன்ற இலையிலேயே, அன்போடு அன்னமிடலாம். உண்டு முடித்தவுடன் அந்த இலையை எடுப்பவர் வீட்டுக்கு உரியவராகவே இருக்கட்டும். ஆகார சுத்தி என்னும் முதற்படி அந்த ஒரு செயலில் நிறைவடையும்; கடைசிப் படியும் கண்ணுக்குத் தென்படத் தொடங்கும்.